போருக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி: வீட்டுப் பெட்டியிலிருந்து ரெக்கார்டு ஆபீஸ் வரை

"எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்" என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். எந்தப் பிரிவு, எந்த வருடம், அங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேர் கொண்ட படையாக வளர்ந்தது. அதில் ஒருவரைத் தேடுகிறோம்.

என் தாத்தாவின் விவரங்களைத் தேடி எடுத்த பிறகு, உறவினர்களும் நண்பர்களும் தேடும்போது கூட இருந்து பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். முதல் நாளே இணையத்தில் தாத்தா பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஒன்றும் வராது, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ராணுவத்தில் ஒருவரைத் தேடப் படை எண்ணும் (ராணுவம் அவருக்குக் கொடுத்த எண்) பிரிவும் வேண்டும். அவை இரண்டும் கிடைப்பது வீட்டில்தான். அதனால் இந்த வேலை வீட்டில் தொடங்கி மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து பணிப் பதிவுகள் இருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகிறது. இணையம் வெகு தாமதமாக வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, குரல் பதிவு செய்யும் கைப்பேசி, ஒரு சிறிய டார்ச், பூதக்கண்ணாடி. பின்னால் தேவைப்படும் காகிதங்கள்: தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், உங்களுக்கும் அவருக்குமான உறவைக் காட்டும் வாரிசுச் சான்றிதழ் அல்லது உங்கள் அப்பா அம்மாவின் பெயர்கள் உள்ள சான்றுகள், உங்கள் அடையாள அட்டை நகல். இவற்றை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ராணுவ அலுவலகங்கள் முதலில் கேட்பதே "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்பதுதான்.

1. மூத்தவர்களிடம் கேட்பது

பெட்டியும் காகிதமும் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். எண்பது வயது அத்தையின் ஞாபகத்துக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. அதனால் இதுதான் முதல் படி.

"தாத்தா எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்காதீர்கள். "மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்று ஒரு பதில் வரும். அதை நம்ப முடியாது. பட்டாளத்துக்குப் போன தமிழர் எல்லோரையும் அப்படிச் சொல்லும் பழக்கம் ஊரில் உண்டு. உண்மையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் பிரிவு), சர்வீஸ் கார்ப்ஸ் (சரக்குப் போக்குவரத்து), பயனியர் (உடலுழைப்பு வேலைகள்), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), ஆஸ்பத்திரிப் பிரிவு, ஒர்க்‌ஷாப் என்று பல பிரிவுகளில் நம் ஆட்கள் போயிருக்கிறார்கள். இன்னொன்று: உலகப்போருக்கு முன் கலைக்கப்பட்டிருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட், போர் தொடங்கிய பிறகுதான் மறுபடி உருவானது. தாத்தா 1939-லேயே சேர்ந்தார் என்றால் அவர் வேறு பிரிவில் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நடந்ததைக் கேளுங்கள். மணியார்டர் யார் பெயருக்கு வரும்? கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள்? லீவில் வந்தபோது என்ன கொண்டு வந்தார்? வண்டி ஓட்டுவாரா, பாலம் கட்டுவாரா, சமைப்பாரா, காயம் பட்டவர்களைத் தூக்குவாரா? இந்தக் கடைசிக் கேள்விதான் பிரிவைக் காட்டிக் கொடுக்கும். லாரி ஓட்டினேன் என்றவர் சர்வீஸ் கார்ப்ஸாக இருக்கலாம். "வெடி வச்சு பாலத்தை ஒடைச்சோம், மறுபடி நாங்களே கட்டினோம்" என்றவர் சாப்பராக இருக்கலாம்.

ஊர்ப் பெயரைத் திருத்தாமல் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ஒரு பாட்டி "பசுரா" என்று சொன்னதைப் பேரன் பர்மாவில் ஒரு கிராமம் என்று எழுதி வைத்திருந்தார். அது இராக்கிலுள்ள பஸ்ரா துறைமுகம். அதேபோல் "பர்மா சண்டை" என்று சொல்வதில் மணிப்பூரும் நாகா மலையும் சேரும். இம்பாலிலும் கொஹிமாவிலும் 1944-ல் நடந்ததை அங்கே இருந்தவர்களே பர்மா சண்டை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சி எடுத்த ஊரும் ஒரு தடயம். ஆனால் பெங்களூர் என்று சொன்னதுமே சாப்பர்ஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு பிரிவுகளின் முகாம்களும் அங்கே இருந்தன.

2. பெட்டியைத் திறப்பது

தேட வேண்டியவை: டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், சம்பளப் புத்தகம், பதக்கங்கள், சீருடைப் படம், மணியார்டர் துண்டுகள், பென்ஷன் புத்தகம், முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் ஒப்படை செய்த ஆணை. கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "ராணுவ நிலம்" என்று குடும்பத்தில் பேச்சு இருந்தால் பத்திரக் கட்டையும் பாருங்கள். ஒப்படை ஆணையில் படை எண்ணோ பிரிவோ எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படை எண், பதவி, சேர்ந்த நாள், வெளிவந்த நாள், வெளிவந்த காரணம் எல்லாம் அதில் இருக்கும். மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பசை சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. விரித்து, பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகிதத்தில் வைத்துவிடுங்கள்.

பதக்கம் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளபளப்பாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும், குறிப்பாகக் கொலுவுக்கோ பொங்கலுக்கோ வீட்டைச் சுத்தம் செய்யும்போது. அந்தப் பதக்கத்தில் உங்களுக்கு வேண்டியது விளிம்பில் பொறித்த எழுத்து. தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்திய வீரர்களுக்குக் கொடுத்த பலவற்றில் படை எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில் பாருங்கள், நட்சத்திரம் என்றால் பின்பக்கம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பதக்கத்துக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேரே அடித்தால் உலோகம் மின்னும், எழுத்து தெரியாது. சாய்வாக அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுத்து, பிறகு வரிசையாகச் சேர்த்துப் படியுங்கள்.

சீருடைப் படத்தில் தொப்பிச் சின்னமும் தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்தும் முக்கியம். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றிப் பின்பக்கமும் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரை எந்த ஊரில் இருந்தார் என்பதைச் சொல்லிவிடும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம்; கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

3. பதக்கத்திலிருந்து போர்முனையை ஊகிப்பது

ராஜாவின் தலை உள்ள பதக்கம் என்றால் முதலில் ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் அது அநேகமாக முதல் உலகப்போர். நீங்கள் தேட வேண்டியது கொள்ளுத் தாத்தாவை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு தலைமுறையைக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. நம் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர்தானே.

ஆறு முனை நட்சத்திரங்கள் இரண்டாம் உலகப்போருக்கு உரியவை. நடுவட்டத்தில் ஆங்கிலத்தில் பெயர் இருக்கும். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் பர்மா முனையில் இருந்திருக்கிறார். ஆப்பிரிக்கா ஸ்டார் வட ஆப்பிரிக்காவைக் காட்டும், இத்தாலி ஸ்டார் 1943 ஜூனுக்குப் பிந்தைய இத்தாலிப் போரை.

நட்சத்திரம் தொலைந்து ரிப்பன் மட்டும் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். மணல் நிறத்தில் நடுவே சிவப்புக் கோடு, இருபுறமும் ஒவ்வொரு நீலக் கோடு இருந்தால் ஆப்பிரிக்கா. சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்றால் இத்தாலி. நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு இருந்தால் பர்மா.

இந்தியா சர்வீஸ் மெடல், போர்முனைக்கு வெளியே மூன்று வருடம் பணி செய்ததற்கானது. 1947 சுதந்திரப் பதக்கம் இருந்தால் போர் முடிந்த பிறகும் அவர் ராணுவத்தில் இருந்திருக்கிறார். அப்படியானால் பென்ஷன் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஏழாம் படியில் இது மிகவும் உதவும்.

பதக்கம் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வந்து சேராத பதக்கங்கள் உண்டு. அடகுக்கடைக்கும் பாத்திரக்காரரிடமும் போனவை அதைவிட அதிகம்.

4. பெயரையும் ஊரையும் அந்தக் காலத்துக்கு மாற்றுவது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் "தேடினேன், கிடைக்கவில்லை" என்கிறார்கள்.

முனுசாமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவக் குமாஸ்தா அதை எத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்: 'சாமி'யில் டபிள்யூ போட்டும் போடாமலும், கடைசியில் ஐ போட்டும் ஒய் போட்டும், நடுவில் ஒற்றை யு, இரட்டை ஓ. இந்தியர்களில் முதன்முதலாக ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றவர் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். இத்தாலியில் 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவ்வளவு பெயர் பெற்றவரின் பெயரே சில இடங்களில் 'ன்' என்றும் சில இடங்களில் 'ம்' என்றும் முடிகிறது. நம் தாத்தாக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இனிஷியலை விட்டுவிடுங்கள். ஆவணங்களில் அப்பா பெயர் தனியாக இருக்கும். தாத்தாவின் அப்பா பெயரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் வரும்போது ஆளைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

ஊருக்கு அன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். வேலூரும் திருவண்ணாமலையும் அன்று வடஆற்காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேலம். திருச்சியை டிரிச்சினோபொலி என்றும், தஞ்சாவூரை டேஞ்சூர் என்றும், நெல்லையை டின்னவெல்லி என்றும், ராமநாதபுரத்தை ராம்நாட் என்றும் எழுதினார்கள்.

பிறந்த வருடம் ஒன்றிரண்டு தள்ளி இருந்தால் ஆள் வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் உண்டு, தோராயமாகச் சொன்னவர்கள் இன்னும் அதிகம்.

இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும் அதில் இருக்கட்டும். இனிமேல் போகும் இடமெல்லாம் இந்தத் தாளின் நகலும் கூட வரும்.

5. திரும்பி வராதவர் என்றால்

தாத்தா போரில் இறந்திருந்தால் இப்போது இணையத்துக்குப் போகலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப்போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர் அதில் இருக்க மாட்டார். இதைத் தெரியாமல் இரவெல்லாம் தேடி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயரை முழுதாகப் போடாதீர்கள். பெயரின் முதல் சில எழுத்துகள், நாடு இந்தியா, பிரிவு தெரிந்தால் அதையும் போடுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் மாவட்டமும் கூடுதல் விவரத்தில் இருக்கும். மனைவி பெயர்கூடச் சிலவற்றில் உண்டு.

கல்லறை எங்கே என்று தேடாதீர்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை கிடையாது. நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும். யாங்கூனுக்கு அருகே தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் சுமார் 27,000 பெயர்கள். கொஹிமாவில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனிச் சின்னம் உண்டு. அதில் 917 பெயர்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைக்குப் போனால் தாத்தா பெயரைப் பார்க்கலாம் என்று சிலர் நேரே கிளம்பிவிடுகிறார்கள். பதிவில் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதிவில் இறந்த தேதி இருக்கும். பல குடும்பங்களில் அவருக்குத் திதி தெரியாமல் ஆடி அமாவாசைக்கோ மகாளய அமாவாசைக்கோ கொடுத்து வந்திருப்பார்கள். இப்போது தேதி கிடைத்துவிட்டதால் பஞ்சாங்கக் கணக்கில் திதியைப் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: காணாமல் போனவர்களுக்கு எழுதிய தேதி, இறந்ததாகக் கருதப்பட்ட தேதியாக இருக்கலாம். அதை வீட்டில் சொல்லிவிட்டு, மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். அறுபது வருடமாக அமாவாசைக்குக் கொடுத்தவர்களிடம் போய் "தேதி தப்பு" என்று சொல்வது நம் வேலை கிடையாது.

6. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்

திரும்பி வந்தவர் என்றால் அடுத்து இங்கே போங்கள், ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதும் முன்னால். காரணம் இருக்கிறது. போருக்காகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் போர் முடிந்ததும் விடுவிக்கப்பட்டார்கள். பென்ஷனுக்கு வேண்டிய 15 வருடப் பணி அவர்களுக்கு இல்லை. அப்படிப் பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு உதவித்தொகை கொடுத்தது. தாத்தாவோ பாட்டியோ அதை வாங்கியிருந்தால் அவர்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் நகல் கோப்பில் இருக்கக்கூடும்.

பாட்டியிடம் "பென்ஷன் வந்துச்சா?" என்று கேட்டால் எந்தப் பணம் வந்தாலும் ஆமாம் என்பார். "மிலிட்டரி பணம் எந்த ஆபீஸ்ல போய் வாங்குவீங்க?" என்று கேளுங்கள்.

தாத்தா வாழ்ந்த மாவட்டத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கு அல்ல. மாவட்டம் பிரிந்திருந்தால் பழைய தலைமை ஊரிலும் விசாரியுங்கள். அங்கே இருப்பவர்களில் பலரும் முன்னாள் ராணுவத்தினர்தான். எந்த ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுவது என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம்.

7. ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுவது

இந்திய வீரர்களின் பணிப் பதிவுகள் லண்டனில் இருப்பதாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. சிப்பாய், நாயக், ஹவில்தார் போன்றவர்களின் பதிவுகள் இங்கேயே, அந்தந்தப் பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில் தங்கிவிட்டன. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. பிரிவுகளின் பெயர் மாறியிருக்கும்: அன்றைய 'ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்' இன்று 'ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்'. உறையில் இன்றைய பெயரையும் கடிதத்தில் அன்றைய பெயரையும் எழுதுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். "என் தாத்தாவைப் பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்" என்று எழுதினால் பதில் வருவது கடினம். இப்படி எண் போட்டுக் கேளுங்கள்: சேர்ந்த தேதி, வெளிவந்த தேதியும் காரணமும், பணியாற்றிய யூனிட்டுகள், பெற்ற பதக்கங்கள், அடுத்த உறவினராகப் பதிந்த பெயர். நாலாம் படியில் தயாரித்த தாள், உறவுச் சான்று, அடையாள நகல் மூன்றையும் இணையுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பேரன், பேத்தி கேட்பதைவிட உயிரோடு இருக்கும் மகனோ மகளோ கையெழுத்துப் போடுவது நல்லது.

பென்ஷன் வாங்காதவர்களின் பணிக் கோப்பு 25 வருடத்துக்குப் பிறகு அழிக்கப்படுவது ராணுவ விதி. "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்ததும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் இரண்டாவது கடிதம் எழுத வேண்டும். கோப்பு போனாலும் 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேடு நிரந்தரமாக வைக்கப்படுவது. அதில் ஒருவருக்கு ஒரு வரிதான் இருக்கும், ஆனால் எண், பெயர், சேர்ந்த நாள், வெளிவந்த நாள் போன்றவை அதில் கிடைக்கும். முதல் கடிதத்திலேயே "கோப்பு இல்லையென்றால் லாங் ரோலில் உள்ள பதிவின் விவரம் வேண்டும்" என்று சேர்த்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

பதிலே வராவிட்டால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடலாம். மத்திய அரசின் இணையதளத்தில் 10 ரூபாய் கட்டணம். ராணுவத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் உரிய அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க அதில் இடம் இருக்கிறது. உறவுச் சான்றோடு போகும் சாதாரணக் கடிதத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு.

8. யூனிட் பெயர் கிடைத்த பிறகு

போர்க்கால யூனிட்டுகள் நாள்வாரியாக எழுதிய 'வார் டயரி'களில் ஒரு பகுதி லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய முனைக்கு டபிள்யூ.ஓ. 172, மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு டபிள்யூ.ஓ. 170 வரிசை. பட்டியலை இணையத்தில் பார்க்கலாம், நகலுக்குப் பணம் கட்ட வேண்டும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தையும் பாருங்கள். பதிவு செய்துகொள்வது இலவசம்.

டயரியில் தாத்தா பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாதாரணச் சிப்பாய் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அன்றைக்கு மழை, பாதை சேறு, இத்தனை மைல் நகர்ந்தோம், இந்தப் பாலம் முடிந்தது என்று இருக்கும். அது போதும். அத்தை சொன்ன கதையில் ஆற்றைக் கடந்தது எந்த மாதம் என்று அதில் தெரிந்துவிடும்.

வீரப் பதக்கமோ, தளபதியின் போர் அறிக்கையில் பெயர் குறிப்பிட்டதாகச் சான்றிதழோ இருந்தால் பிரிட்டிஷ் அரசிதழான 'லண்டன் கெஜட்' தளத்தில் படை எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

9. ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) இருந்தவர் என்றால்

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று விழுந்தபோது பிடிபட்ட இந்திய வீரர்களில் ஒரு பகுதியினர் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்த தமிழர்கள் ராணுவத்துக்கே போகாமல் நேரே இதில் சேர்ந்தார்கள். முதல் வகையினருக்கு மேலே சொன்ன ரெக்கார்டு ஆபீஸும் பொருந்தும், இரண்டாம் வகையினருக்குப் பொருந்தாது.

இவர்களுக்கு முதல் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் அங்கே கோப்பு இருக்கும். அதில் அவருடன் சிறையிருந்தவர் கொடுத்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு குடும்பத்தின் பெயரும் ஊரும் அதில் கிடைத்துவிடும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலம் பற்றிய வாய்மொழிப் பேட்டிகள் இருக்கின்றன. தமிழில் பேசியவர்களின் குரலையும் அங்கே கேட்கலாம்.

10. எழுதி வைப்பது

காகிதத்தில் உள்ளது, வீட்டில் சொன்னது என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டும் மோதினால் ஒன்றை அழிக்காதீர்கள். "ஏழு வருஷம் இருந்தார்" என்று சின்னத் தாத்தா சொல்வார், லாங் ரோல் நான்கு வருடம் காட்டும். இரண்டையும் எழுதி, யார் எப்போது சொன்னது என்று போடுங்கள். பின்னால் இன்னொரு காகிதம் கிடைத்து, அவர் முதலில் வேறொரு பிரிவில் இருந்தார் என்று தெரியவரலாம்.

போர்வரலாற்றை எடுத்து ஒட்டி நிரப்பாதீர்கள். இம்பால் முற்றுகையைப் பற்றி நாலு பக்கம், தாத்தாவைப் பற்றி நாலு வரி என்று ஆகிவிடும். அவர் இருந்த இடம், மாதம், செய்த வேலை, வீட்டில் அப்போது என்ன நடந்தது, இவ்வளவு போதும்.

படங்களுக்குப் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மை முன்பக்கம் ஊறும். பென்சிலால் லேசாக எழுதுங்கள், அல்லது உறையின் மேல் எழுதுங்கள். ஸ்கேன்களுக்கு அவர் பெயரையும் படை எண்ணையும் கோப்புப் பெயராக வையுங்கள். நகல்களைக் குறைந்தது மூன்று வீடுகளில் கொடுத்து வையுங்கள், அதில் ஒன்று பதக்கம் யாரிடம் இருக்கிறதோ அந்த வீடாக இருக்கட்டும். அசலைக் கேட்டு வாங்கி வர முயலாதீர்கள். எத்தனையோ தேடல்கள் இந்த இடத்தில் பங்காளிச் சண்டையாகி நின்றிருக்கின்றன.